மருந்து போட்ட பின்னும் தெள்ளு ஏன்?

கால்நடை மருத்துவரிடம் பூனையைக் காட்டி, பிடரியில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வந்தாயிற்று. இரண்டு வாரம் கழித்து மயிரை விலக்கிப் பார்த்தால் மறுபடி தெள்ளு ஓடுகிறது. மருந்து போலியோ, மருத்துவர் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று வீட்டில் பேச்சு எழுகிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் மருந்துக் கடைக்கோ உரக்கடைக்கோ போய் வேறு எதையாவது வாங்கி வந்து பூனையின் மேல் தெளிக்கிறார்கள். முதல் வைத்தியத்தில் தப்பிய பூனை இந்த இரண்டாவது வைத்தியத்தில் மாட்டிக்கொள்கிறது.

உண்மையில் முதல் மருந்து பெரும்பாலும் வேலை செய்திருக்கும். இன்று மயிரில் ஓடும் தெள்ளு, மருத்துவரிடம் போன அன்று பூனையின் மேல் இருந்ததே இல்லை. அது அன்றைக்கு வீட்டுத் தரை விரிசலில் கூட்டுக்குள் கிடந்தது. மருத்துவர் கைக்கு எட்டுவது பூனை மட்டும்தான். தெள்ளுக் கூட்டத்தின் பெரும்பங்கு இருப்பது வீட்டில். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் வரிசையாக விளங்கும். மண்ணூர் போன்ற ஊரில் இதற்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது: பூனை வளர்ப்பவருக்கு அந்த வீடு சொந்தமாக இருப்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம்–வடகால் என்று சிப்காட் தொழில் வளாகங்கள் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்து ஏரிக்கரை ஊர்களில் நெல் வயலுக்குப் பக்கத்திலேயே வரிசை வீடுகள் எழுந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம்–வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடம் கிடைக்காதவர்கள் ஒற்றை அறை வாடகை வீடுகளில்தான் இருக்கிறார்கள். திருவண்ணாமலை, தருமபுரியிலிருந்து வந்தவர்கள், ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள் என்று அறைக்கு நாலைந்து பேர். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு கூட்டம் கிளம்பும், அறை பூட்டிக் கிடக்கும், பிறகு அடுத்த கூட்டம் வரும். எலிக்காகவும் துணைக்காகவும் பூனை வைத்துக்கொள்பவர்கள் இங்கே நிறைய. ஷிப்ட் முடிந்து வருகிறவரின் காலைச் சுற்ற ஒரு உயிர் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

தெள்ளின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பூனைத் தெள்ளுக்கு அறிவியல் பெயர் டெனோசெபாலிடிஸ் ஃபெலிஸ். பெயரில் பூனை இருந்தாலும் நாய், கன்றுக்குட்டி, மனிதர் என்று எது கிடைத்தாலும் கடிக்கும். வளர்ந்த தெள்ளு பூனையின் மேல் ஏறிய சில நிமிடங்களிலேயே இரத்தம் குடிக்கத் தொடங்கிவிடும். ஒன்றிரண்டு நாளில் பெண் தெள்ளு முட்டையிடத் தொடங்கும். நன்றாக இரத்தம் கிடைத்தால் நாளுக்கு நாற்பது, ஐம்பது முட்டைகள். முட்டை மயிரில் ஒட்டாது, வழுக்கி விழும். ஆகவே பூனை எங்கே அதிகம் படுக்கிறதோ அங்கே முட்டைகள் குவிகின்றன: கோரைப்பாய் ஓரம், கட்டிலடி, சிலிண்டருக்குப் பின்னால், பரண்மேல் போட்ட பழைய துணி மூட்டை.

சில நாளில் முட்டை பொரிந்து கண்ணில்லாத வெள்ளைப் புழு வெளிவருகிறது. அது இரத்தம் குடிக்காது. வளர்ந்த தெள்ளுகளின் உலர்ந்த எச்சத்தைத் தின்கிறது. பெண் தெள்ளு தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு இரத்தம் குடித்து, பாதி செரிக்காமலே வெளியேற்றுவதால் தாயின் எச்சமே பிள்ளைகளுக்குச் சோறாகிறது. புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டு மூலைக்கு ஊர்ந்து போகும். ஈரப்பதம் மிகவும் குறைந்தால் காய்ந்து சாகும். 35 பாகை செல்சியசுக்கு மேல் நீண்ட நேரம் நின்றாலும் சாகும். அதனால்தான் மே மாதத்து வெட்டவெளி மண்ணில் தெள்ளு பெருகுவதில்லை. வீட்டு நிழலிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் அது கொழிக்கிறது.

அடுத்த கட்டம்தான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். புழு பட்டு நூற்று ஒட்டும் தன்மையுள்ள கூடு கட்டுகிறது. மணலும் தூசும் அதில் ஒட்டிக்கொள்வதால் தரையோடு தரையாக மறைந்துவிடும். உள்ளே தெள்ளு முழுதாக வளர்ந்த பிறகும் வெளியே வர வேண்டிய கட்டாயம் இல்லை. சூடு, அழுத்தம், மூச்சுக் காற்றின் கரியமில வாயு ஆகியவை பக்கத்தில் ஒரு பிராணி வந்திருப்பதைத் தெரிவிக்கும்வரை காத்திருக்கும். சாதகமான சூழலில் ஐந்து மாதம்வரைகூட இப்படிக் கிடக்க முடியும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். வீட்டில் தெளிக்கும் பூச்சிமருந்து அந்தக் கூட்டைத் துளைப்பது அரிது.

வளர்ந்த தெள்ளு நூற்றில் ஐந்து, மீதி தொண்ணூற்றைந்தும் முட்டை, புழு, கூடு என்று தரையில் இருக்கின்றன என்று ஒரு கணக்கை மருத்துவர்கள் சொல்வதுண்டு. அதை மாதிரிக் கணக்காகவே கொள்ள வேண்டும், வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் அது காட்டும் திசை சரி. பூட்டிக் கிடந்த அறைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் கணுக்காலில் முதல் நாளே கடி விழுவதற்கும் இதுவே காரணம். முந்தைய குடியிருப்பாளர் பூனை வைத்திருந்திருக்கலாம். இல்லையென்றால் திறந்த ஜன்னல் வழியாக ஊர்ப் பூனை ஒன்று உள்ளே வந்து பரணில் குட்டி போட்டிருக்கலாம். அறை காலியாக இருந்தவரை கூடுகள் அசையவில்லை. ஆட்கள் நடமாடத் தொடங்கியதும் ஒரே நேரத்தில் வெடிக்கின்றன. வந்தவர்கள் மூட்டைப்பூச்சி என்று நினைத்துக் கட்டிலை வெயிலில் போடுகிறார்கள். மூட்டைப்பூச்சி தூங்கும்போது கழுத்து, கை, முதுகு என்று கடிக்கும், கட்டில் மூட்டுகளில் ஒளியும். தெள்ளு பகலிலும் கடிக்கும், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு அறையில் மெதுவாக நடந்து பாருங்கள், தெள்ளு என்றால் கறுப்பாக ஏறும்.

மருந்துகளின் பக்கம் வருவோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் பூனைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தூளும் மருந்துப் பட்டையும்தான். பாதி பயன் தராதவை, மீதி ஆபத்தானவை. 1990களில் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் ஆகியவை பிடரியில் விடும் சொட்டு மருந்தாக வந்தபோது நிலைமை மாறியது. நூற்றாண்டின் இறுதியில் செலாமெக்டின் வந்தது. அது தெள்ளோடு காதுப் பூச்சியையும் சில குடற்புழுக்களையும் பார்த்துக்கொள்ளும். நிடென்பைராம் மாத்திரை அரை மணியில் தெள்ளை விழச் செய்யும், ஆனால் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. மெத்தோபிரீன், பைரிப்ராக்ஸிஃபென், லூஃபெனுரான் ஆகியவை வளர்ந்த தெள்ளைக் கொல்வதில்லை, அடுத்த தலைமுறை முதிராமல் தடுக்கின்றன. அண்மைய வரவு ஐசாக்சசோலின் வகை. அதில் ஃபுளுராலனர் பூனைக்கு ஒரு முறை போட்டால் பன்னிரண்டு வாரம் நிற்கிறது. இந்த வகையில் சில பிராணிகளுக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. முன்பு வலிப்பு வந்த பூனை என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எந்த மருந்தைத் தேர்ந்தாலும் வீடு அடங்கக் காலம் பிடிக்கும். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டிரைடன் இதைப் பொறுமையாக நிறுவியவர். அவருடைய குழு ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், தெள்ளு மண்டிய உண்மையான வீடுகளுக்குப் போய், பிராணியின் மேல் உள்ள தெள்ளையும், தரையிலிருந்து எழுவதை விளக்குப் பொறி வைத்தும் வாரக்கணக்கில் எண்ணியது. முதல் சில நாளில் எண்ணிக்கை சரிந்தது. ஆனால் நல்ல மருந்து போட்ட வீடுகளிலும் தெள்ளு முழுவதும் அடங்க இரண்டு மாதம்வரை ஆனது. ஏற்கெனவே இருந்த கூடுகள் ஒவ்வொன்றாகத் திறந்து தீர வேண்டும்; புதிதாக ஏறும் தெள்ளு முட்டையிடுமுன் பூனையின் மேலிருக்கும் மருந்து அதைக் கொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் மருந்து போட்ட பூனைதான் வீட்டைச் சுத்தம் செய்யும் கருவி. அதனால் பயந்து பூனையை வெளியே துரத்துவது நேர்மாறான செயல். பூனை போய்விட்டால் எழும் தெள்ளுக்கு மனிதர் மட்டுமே மிச்சம்.

ஆகவே மருத்துவரிடம் போய் வந்த பிறகு செய்ய வேண்டியதில் முதலாவது, மாதம் தவறாமல் மருந்து போடுவது. ஒரு முறை போட்டு நிறுத்தினால் காசுதான் வீண். குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும், நம் தட்பவெப்பத்தில் ஆண்டு முழுவதும் போட்டாலும் தவறில்லை. மருந்தை மயிரின் மேல் விடாமல், மயிரை விலக்கித் தோலில், நாக்கு எட்டாத பிடரியின் மேற்பகுதியில் விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. எடை பார்த்து அளவு சொல்லியிருப்பார்கள். நாயின் பெரிய குழாயை வாங்கிப் பாதியாகப் பிரித்துப் போடும் சிக்கனம் வேண்டாம். மருந்து போட்ட அன்று தெள்ளு அதிகமாகத் தெரிவதுண்டு. சாகும் தெள்ளு நிலைகுலைந்து மயிருக்கு மேலே வருவதால் அப்படி, பயப்பட வேண்டாம்.

பூனை தன் உடம்பை நக்கியே தெள்ளில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்வது ஏமாற்றும். பேன் சீப்பால் வால் அடியையும் கழுத்தையும் சீவி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்து படர்ந்தால் அது தெள்ளின் எச்சம், செரித்த இரத்தம். வாரம் ஒரு முறை இப்படிச் சீவி எண்ணிக்கொண்டு வந்தால் குறைகிறதா கூடுகிறதா என்பது தெரியும். சீப்பில் அகப்பட்டதைச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். நகத்தால் நசுக்க வேண்டாம்.

அடுத்தது தரை. கம்பளமும் தூசி உறிஞ்சும் கருவியும் நம் வாடகை அறைகளில் இல்லை, அதில் ஒரு நன்மை உண்டு. சிமெண்டுத் தரையைத் தினமும் மூலை விடாமல் பெருக்கி, குப்பையை உடனே கட்டி வெளியேற்றி, சோப்புத் தண்ணீரால் துடைத்தால் முட்டையும் புழுவின் சோறும் குறையும். தரை விரிசலைச் சிமெண்டுப் பால் ஊற்றி அடைப்பது எந்த மருந்தையும்விட நீடித்த பலன் தரும் என்பது என் எண்ணம். பூனை படுக்கும் துணியை வாரம் ஒரு முறை நல்ல சூட்டுத் தண்ணீரில் துவைத்து வெயிலில் காயப் போட வேண்டும். பாயையும் மெத்தையையும் கடும் வெயிலில் விரித்துப் புரட்டிப் போடுவது நம் ஊருக்கு இயற்கை தந்த வசதி. இரவில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து, மேலே சிறு விளக்கு எரியவிட்டால் வெளியே வந்த தெள்ளு சில விழும். அதனால் தெள்ளு ஒழியாது. எந்த மூலையில் இன்னும் எழுகிறது என்பதை மட்டும் அது காட்டிக் கொடுக்கும்.

இனி ஆபத்துகள். இதைத்தான் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மனிதத் தலைப் பேனுக்கும் நாய்த் தெள்ளுக்கும் விற்கும் பல மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. உரிய அளவில் போட்டால் நாய்க்கு அது கெடுதல் செய்யாது. பூனையின் கல்லீரலுக்கு அந்த வேதிப்பொருளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், எச்சில் ஒழுகும், வலிப்பு வரும், உயிரும் போகும். மாட்டு உண்ணிக்குக் கலந்து தெளிக்கும் டெல்டாமெத்ரினும், நாய்க்குப் போடும் அமிட்ராசும் பூனைக்கு ஆகாது. கிராமத்து வீட்டில் மாடு, நாய், பூனை மூன்றும் இருக்கும்போது ஒரே வாளியில் கலந்ததை மூன்றுக்கும் தெளிக்கும் பழக்கம் உண்டு. பூனையை அதிலிருந்து தவிர்த்தே ஆக வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு உடனே கழுவி, துணியில் சுற்றி மருத்துவரிடம் ஓட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

அந்துருண்டை, கற்பூரம், மண்ணெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் எல்லாமே பூனைக்கு விஷம். பூண்டைச் சோற்றில் கலந்தால் தெள்ளு வராது என்பது பொய். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், ஏற்கெனவே தெள்ளால் சோகை பிடித்த பூனைக்கு அது இரட்டை அடி. மஞ்சள் கெடுதல் செய்யாது, தெள்ளையும் ஒன்றும் செய்யாது. வேப்பெண்ணெய் இயற்கை என்பதால் பலர் நம்பித் தடவுகிறார்கள். உடம்பில் தடவிய எதையும் பூனை நக்கி விழுங்கும் என்பதை நினைவில் வைத்தால் கெட்டியான வேப்பெண்ணெயைத் தடவத் தோன்றாது. அறை காலியானதும் வீட்டுக்காரர், “பினாயில் போட்டுக் கழுவியாச்சுப்பா, ஒண்ணும் இருக்காது” என்பார். கறுப்பு பினாயில் தெள்ளுக் கூட்டை அழிக்காது. காயாத தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனையின் வாயையும் குடலையும் அது புண்ணாக்கும்.

தெள்ளை வெறும் அரிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பெண் தெள்ளு நாளுக்குச் சுமார் 13.6 மைக்ரோலிட்டர் இரத்தம் குடிக்கிறது. எழுபத்திரண்டு பெண் தெள்ளு சேர்ந்தால் நாளுக்கு ஒரு மில்லிலிட்டர். அரைக் கிலோ குட்டியின் உடம்பில் இருப்பதே முப்பது மில்லிலிட்டர் அளவு இரத்தம். ஈறு வெளுத்து, சோர்ந்து, பால் குடிக்க எழாத குட்டியைச் சளி என்று விட்டுவிடுவது கொடுமை. சொட்டு மருந்தில் பெரும்பாலானவை எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஏற்றவை அல்ல. அதுவரை பேன் சீப்பும், மருத்துவர் சொன்னால் வெதுவெதுப்பான தண்ணீர்க் குளியலும், தாய்ப் பூனைக்கு வைத்தியமும்தான். குளிப்பாட்டிய குட்டியை ஈரத்தோடு விட்டால் குளிரில் இறந்துபோகும்.

வளர்ந்த பூனையில் இன்னொரு தொல்லை. தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனை ஒரு கடிக்கே முதுகெல்லாம் சொரிந்து மயிரைப் பிய்த்துக்கொள்ளும். மருத்துவர் அதற்கு ஊசி போட்டால் அரிப்பு அடங்கும், தெள்ளு போகாது. ஊசியின் பலனைப் பார்த்து மருந்தை நிறுத்தியவர்கள் அடுத்த மாதமே திரும்ப வருவார்கள். பூனையின் வால் அடியிலோ படுக்கையிலோ வெள்ளரி விதை போன்ற வெள்ளைத் துணுக்குகள் தென்பட்டால் அது தெள்ளு வழியாக வந்த நாடாப்புழு. தெள்ளை விழுங்கியதால் வந்தது, குழந்தை தவறி விழுங்கினாலும் வரும். அதற்குப் புழு மாத்திரை தனி. தெள்ளின் எச்சத்தில் வாழும் பார்ட்டொனெல்லா நுண்ணுயிர் பூனைக் கீறல் வழியாக மனிதருக்குக் காய்ச்சலும் நெறிக்கட்டும் தரும். கொள்ளைநோய் (பிளேக்) பற்றிப் பயப்படுபவர்களுக்கு: 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் கண்டறிந்தது எலித் தெள்ளின் வழியான தொற்றை. பூனைத் தெள்ளு அதற்கு மிகத் திறன் குறைந்த கடத்தி.

மருந்துக்கும் ஒரு விலை இருக்கிறது. இங்கிலாந்தில் 20 ஆறுகளின் நீரைச் சோதித்து 2020இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ எல்லா மாதிரிகளிலும் ஃபிப்ரோனில் இருந்தது. வளர்ப்புப் பிராணிகளின் மருந்து அங்கே முதன்மைச் சந்தேகம். ஏரிகளை நம்பி வாழும் நம் வட்டாரத்தில் மருந்து போட்ட பூனையை உடனே குளிப்பாட்டி அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடக்கூடாது. காலிக் குழாயையும் வாய்க்காலில் எறியக்கூடாது. தேவையில்லாமல் இரட்டிப்பு மருந்து போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

வரிசை வீட்டில் ஒரு அறைக்காரர் மட்டும் எல்லாம் சரியாகச் செய்தாலும் தோற்றுப்போவார். பக்கத்து அறைப் பூனை, வாசலில் படுக்கும் தெருநாய், மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்ட ஊர்ப் பூனை எல்லாம் முட்டையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நம் நாட்டு நாய்களின் மேல் மிகுதியாக இருப்பது பூனைத் தெள்ளின் நெருங்கிய உறவான வேறொரு தெள்ளு. அதுவும் பூனைக்கு ஏறும். ஒரே வாரத்தில் வரிசையிலுள்ள பிராணிகள் அனைத்துக்கும் அததற்குரிய மருந்தைப் போடுவதுதான் வழி. ஆள் மாறும் இடைவெளியில் விரிசலை அடைப்பதும் பரணைக் காலி செய்வதும் ஜன்னலுக்கு வலை அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. சுண்ணாம்பு அடிக்கும் செலவோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். குடிவருபவர் பூட்டிய அறைக்குள் சாமான் இறக்கும் முன் சாக்ஸ் போட்டு நடந்து பார்த்து, தெள்ளு ஏறினால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

அரசு கால்நடை மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் நினைத்து அமைந்தவை. 1962 எண்ணை அழைத்தால் வரும் ஊர்தியும் அப்படித்தான். பூனைக்கு மேல்சிகிச்சை என்றால் சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைவரை போகிறார்கள். இரவு ஷிப்ட் முடித்த ஒருவர் கூடையில் பூனையோடு பேருந்தில் அவ்வளவு தூரம் போவது எளிதல்ல. பெருந்தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரு வட்டாரத்து மருந்தகத்தில் பூனை எடைக்கான சொட்டு மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று கால்நடை பராமரிப்புத் துறையைக் கேட்பது நியாயமே. மருந்தோடு ஒரு பக்கத் தாளும் கொடுக்கலாம்: எந்தத் தேதியில் மறுபடி போடுவது, தரையை என்ன செய்வது, எதைத் தொடவே கூடாது என்பது மட்டும். தமிழோடு இந்தி, ஒடியா, அசாமிய மொழிகளிலும் அது அச்சாக வேண்டும், மண்ணூர் அறைகளில் பூனைக்குச் சோறு வைப்பவர்கள் அந்த மொழிகளையும் பேசுகிறார்கள்.